உலகக் கோப்பை கடந்து வந்த பாதை

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெறும்போது, கொல்கத்தாவின் தெருக்களிலும் கேரளத்தின் சிற்றூர்களிலும் அர்ஜென்டினா, பிரேசில் ஆகிய நாடுகளின் கொடிகள் பறப்பதைக் காணலாம். வடசென்னையின் வியாசர்பாடியிலும் அக்காட்சி உண்டு. நீங்கள் வாழும் ஊரிலும் அதனைக் கண்டிருப்பீர்கள். போட்டியின் இறுதி நாளில் வென்ற அணியின் தலைவர் பொன்னிறச் சிலை ஒன்றைத் தலைக்கு மேல் உயர்த்துகிறார். அச்சிலை 1974-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருவது. அதற்கு முன் வழங்கப்பட்டது வேறொரு கோப்பை. அந்த முதற்கோப்பை இன்று எவரிடமும் இல்லை. அது பிறந்த கதையையும் மறைந்த கதையையும் இப்பாடத்தில் அறிவோம்.

வென்றவரைச் சிறப்பிக்க ஓர் அடையாளப் பொருளை அளிப்பது தொன்மையான வழக்கம். பண்டைத் தமிழர், போரில் வென்றோர்க்கு வாகைப் பூவைச் சூட்டினர். இன்றும் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ‘வாகை சூடியது’ என்னும் தொடரைக் காணலாம். பூவைச் சூடியவருக்கே அது உரியது. மறுநாள் அது வாடிவிடும். உலோகத்தால் ஆன கோப்பை வாடுவதில்லை. ஆகவே, அஃது யாருக்கு உரியது என்னும் கேள்வியும் உடன் எழுகிறது.

உங்கள் பள்ளியின் விளையாட்டு விழாவில் சுழற்கோப்பை வழங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இவ்வாண்டு வென்ற அணி அதனை ஓராண்டு வைத்திருந்து, அடுத்த ஆண்டு திருப்பித் தரும். 1888-ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கிய டூரண்டு கோப்பைப் போட்டியில் வெல்லும் அணிக்கு மூன்று கோப்பைகள் தரப்படுகின்றன. அவற்றுள் டூரண்டு கோப்பையும் சிம்லா கோப்பையும் சுழற்கோப்பைகள். குடியரசுத் தலைவர் கோப்பை மட்டும் வென்ற அணிக்கே நிலையாக உரியது. உலகக் கோப்பைக்கு வகுக்கப்பட்ட விதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்று முறை வெல்லும் நாடு கோப்பையை என்றென்றைக்கும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்பதே அவ்விதி. முதற்கோப்பையின் முடிவை இவ்விதியே பின்னாளில் தீர்மானித்தது எனலாம்.

கப்பலில் சென்ற கோப்பை

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, 1904-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஏழு ஐரோப்பிய நாடுகளால் தொடங்கப்பட்டது. 1921-ஆம் ஆண்டு அதன் தலைவரானவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜூல் ரிமே. அந்நாளில் உலக அளவிலான கால்பந்து என்பது ஒலிம்பிக் விளையாட்டில் மட்டுமே இருந்தது. ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. இதனால் சிறந்த வீரர்கள் பலர் விலகி நிற்க நேர்ந்தது. எல்லா வீரர்களும் பங்கேற்கும் தனிப்போட்டி ஒன்றை நடத்துவது என 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய ஃபிஃபா மாநாடு முடிவு செய்தது.

முதற்போட்டியை நடத்தும் உரிமை தென்னமெரிக்காவின் சிறிய நாடான உருகுவேக்குக் கிடைத்தது. 1924, 1928 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கால்பந்துத் தங்கம் வென்ற நாடு அது. 1930-ஆம் ஆண்டு அந்நாட்டின் முதல் அரசமைப்புச் சட்டத்துக்கு நூறாம் ஆண்டு. அதற்கெனத் தலைநகர் மாண்டிவிடியோவில் ‘சென்டினாரியோ’ என்னும் பெயரில் ஒரு விளையாட்டரங்கம் எழுந்தது. அப்பெயருக்கு நூற்றாண்டு என்பதே பொருள்.

அயல்நாட்டு அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்பதாக உருகுவே அறிவித்தது. ஆயினும் ஐரோப்பிய நாடுகள் தயங்கின. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க இரு வாரங்கள் ஆகும். போட்டிக்கும் மீள்வதற்கும் சேர்த்து இரு திங்களுக்கு மேல் வேண்டும். வீரர்களுக்கு அவ்வளவு நீண்ட விடுப்பை யார் தருவார்? முடிவில் பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா ஆகிய நான்கு நாடுகளே ஐரோப்பாவிலிருந்து சென்றன. ருமேனிய வீரர்களுக்கு விடுப்புக் கிடைக்க அந்நாட்டு மன்னர் கரோல் தாமே தலையிட வேண்டியிருந்தது.

பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா ஆகிய மூன்று அணிகளும் ‘கோன்டே வெர்டே’ என்னும் ஒரே கப்பலில் பயணம் செய்தன. வீரர்கள் கப்பலின் மேல்தளத்தில் ஓடியும் உடற்பயிற்சி செய்தும் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டனர். அதே கப்பலில் ரிமேயும் இருந்தார். அவருடைய பயணப் பெட்டிக்குள் கோப்பையும் இருந்தது. வழியில் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் பிரேசில் அணியினரும் ஏறிக்கொண்டனர். தம்முள் மோதப்போகும் நான்கு அணிகளும், அவை மோதுவதற்குக் காரணமான பரிசும், ஒரே கலத்தில் கடலைக் கடந்த காட்சியை இன்றைய வானூர்திக் காலத்தில் எண்ணிப் பார்ப்பதும் அரிது.

அக்கோப்பையை வடித்தவர் அபேல் லஃப்லூர் என்னும் பிரெஞ்சுச் சிற்பி. கிரேக்கப் புராணத்தில் வெற்றியின் தெய்வமாகப் போற்றப்படுபவள் நைக்கி. சிறகு விரித்த அத்தெய்வம், கிண்ணம் ஒன்றைத் தன் தலைக்கு மேல் ஏந்தி நிற்பதுபோல் அவர் அதனை அமைத்தார். உயரம் 35 செ.மீ.; எடை 3.8 கிலோ. பார்ப்பதற்குப் பொன்னாகத் தோன்றினும் அது வெள்ளியால் ஆனது. மேலே தங்க முலாம் பூசப்பட்டிருந்தது. அடியில் லாபிஸ் லாசுலி எனப்படும் நீலக் கல்லால் ஆன பீடம். இந்த வெள்ளியையும் இந்த நீலப் பீடத்தையும் நினைவில் வையுங்கள். இரண்டும் பின்னர் மீண்டும் வரும்.

பதின்மூன்று நாடுகள் பங்கேற்ற அப்போட்டியின் இறுதி ஆட்டம் 1930-ஆம் ஆண்டு சூலை 30 அன்று உருகுவேக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்தது. யாருடைய பந்தில் ஆடுவது என்பதிலேயே பூசல் எழுந்தது. முற்பாதிக்கு அர்ஜென்டினாவின் பந்து, பிற்பாதிக்கு உருகுவேயின் பந்து என முடிவாயிற்று. முற்பாதியில் அர்ஜென்டினா 2-1 என முன்னிலை பெற்றது. பிற்பாதியில் உருகுவே மேலும் மூன்று கோல்களை அடித்து 4-2 என வென்றது. பந்து மாறியதால்தான் ஆட்டம் மாறியது என்று முடிவு கட்டுவது கடினம். ஆனால் கணக்கு அப்படித்தான் அமைந்தது.

காலணிப் பெட்டியில் ஒரு தெய்வம்

1934-ஆம் ஆண்டுப் போட்டி இத்தாலியில் நடைபெற்றது. அந்நாட்டின் சர்வாதிகாரி முசோலினி, ஃபிஃபாவின் கோப்பை போதாதென்று எண்ணித் தம் பெயரால் மிகப் பெரிய வெண்கலக் கோப்பை ஒன்றையும் செய்வித்தார். இத்தாலியே வென்று இரண்டையும் பெற்றது. சிறிய கோப்பையை உலகம் அறியும். பெரியதை இன்று நினைப்பார் இலர்.

1938-ஆம் ஆண்டும் இத்தாலியே வென்றது. மறு ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942, 1946 ஆகிய ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. கோப்பை ரோம் நகரின் வங்கி ஒன்றில் இருந்தது. படைவீரர்கள் அதனைக் கவர்ந்து செல்வர் என அஞ்சிய இத்தாலியக் கால்பந்து அமைப்பின் அலுவலர் ஒட்டோரினோ பராசி, அதனை வங்கியிலிருந்து எடுத்து வந்தார். தம் வீட்டில், காலணி வாங்கும்போது கிடைக்கும் அட்டைப் பெட்டிக்குள் வைத்துத் தம் கட்டிலின் அடியில் ஒளித்தார். இரும்புக் கதவுகளால் தர இயலாத பாதுகாப்பை அந்த அட்டைப் பெட்டி தந்தது. போர் முடிந்ததும் கோப்பை வெளியே வந்தது. 1946-ஆம் ஆண்டு அதற்கு ஜூல் ரிமே கோப்பை எனப் பெயர் சூட்டப்பட்டது.

இந்தியா செல்லாத பயணம்

அடுத்த போட்டி 1950-ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்தது. அதில் ஆட இந்தியாவுக்கும் வாய்ப்புக் கிடைத்தது என்பதைப் பலர் அறியார். தகுதிச் சுற்றில் நம்முடன் இடம்பெற்ற பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகள் விலகிக்கொண்டதால், ஓர் ஆட்டமும் ஆடாமலேயே இந்தியா தகுதி பெற்றது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் அது சேர்க்கப்பட்டது. ஆனால் இந்திய அணி செல்லவில்லை.

வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா இசையாததால் இந்தியா விலகியது என்று ஒரு கதை நாடெங்கும் வழங்குகிறது. அதற்கு ஓர் அடிப்படை இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்களுள் பெரும்பாலோர் காலணியின்றியே ஆடினர். பிரான்சுக்கு எதிரான அவ்வாட்டத்தில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். விடுதலை பெற்ற இந்தியா பன்னாட்டுப் போட்டியில் அடித்த முதல் கோல் அதுவே. இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்டு, 2-1 என்னும் கணக்கில் இந்தியா தோற்றது. எனினும், 1950-இல் செல்லாததற்குக் காலணி காரணமன்று என அணித்தலைவராக இருந்த சைலன் மன்னா பின்னாளில் தெளிவுபடுத்தினார். அக்காலத்தில் நம் கால்பந்து நிருவாகிகள் ஒலிம்பிக்கையே பெரிதாக மதித்தனர். உலகக் கோப்பையின் சிறப்பை அவர்கள் உணரவில்லை. நெடுங்கடற்பயணமும் போதிய பயிற்சியின்மையும் தயக்கத்தை வளர்த்தன. வெறுங்கால் கதை சுவையானது, ஆதலால் நிலைத்துவிட்டது. உண்மையான காரணமோ ஒரு கூட்டத்தில் எடுக்கப்பட்ட தவறான முடிவு. அதில் சுவை இல்லை. மறு ஆண்டே தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இதே மன்னாவின் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது என்பதை அறியும்போது, தவறவிட்ட வாய்ப்பின் அளவு விளங்கும். அதன்பின் ஆடவர் உலகக் கோப்பையில் ஆடும் தகுதி இந்தியாவுக்குக் கிட்டவில்லை.

பிரேசிலில் அவ்வாண்டு நடந்த கடைசி ஆட்டமும் மறக்கவொண்ணாதது. ரியோவின் மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் திரண்டிருந்தனர். உருகுவேக்கு எதிராகச் சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. ரிமே, பிரேசிலைப் பாராட்டிப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஓர் உரையை எழுதி வைத்திருந்தார். ஆட்டம் 1-1 என இருந்தபோது, பரிசளிப்புக்காகத் தம் இருக்கையை விட்டு எழுந்து கீழே சென்றார். அவர் மைதானத்தை அடைந்தபோது அரங்கம் அமைதியில் உறைந்து கிடந்தது. இடையில் உருகுவே இரண்டாவது கோலை அடித்து வென்றிருந்தது. பரிசளிப்பு மேடையும் இல்லை. வரவேற்பு அணிவகுப்பும் இல்லை. கோப்பையைக் கையில் ஏந்தியவராய்க் கூட்டத்தின் நடுவே நின்ற ரிமே, உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவைக் கண்டு, ஒரு சொல்லும் கூறாமல் அதனை அவரிடம் தந்து கைகுலுக்கினார்.

வென்ற நாடுகளின் பெயர்களைப் பொறிக்க இடம் போதாமையால், 1954-ஆம் ஆண்டு பழைய பீடத்தை அகற்றிவிட்டு உயரமான புதிய பீடத்தைப் பொருத்தினர். கழற்றப்பட்ட பீடத்தைப் பற்றி அப்போது எவரும் பெரிதாக எண்ணவில்லை.

நாய் கண்டெடுத்த கோப்பை

1966-ஆம் ஆண்டுப் போட்டியை இங்கிலாந்து நடத்தியது. போட்டிக்குச் சில திங்கள் முன்பு, லண்டனில் நடந்த அஞ்சல்தலைக் கண்காட்சி ஒன்றில் கோப்பை பார்வைக்கு வைக்கப்பட்டது. மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. அதே கட்டடத்தின் மற்றொரு பகுதியில் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. காவலர்கள் இருந்தும் கோப்பை களவு போயிற்று. அக்கண்காட்சியிலிருந்த அஞ்சல்தலைகளின் மதிப்பு 30 லட்சம் பவுண்டு எனவும் கோப்பையின் காப்பீட்டுத் தொகை 30,000 பவுண்டு எனவும் கூறப்பட்டது. திருடர்கள் அஞ்சல்தலைகளைத் தொடவே இல்லை.

15,000 பவுண்டு கேட்டு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. காவல்துறையினர் ஒருவரைக் கைது செய்தும் கோப்பை கிடைக்கவில்லை. ஒரு வாரம் சென்றது. மார்ச் 27 அன்று தென் லண்டனில் ஒருவர் தம் நாயுடன் வெளியே வந்தார். பிக்கிள்ஸ் என்னும் அந்நாய், வேலிப் புதரின் அருகே நாளிதழில் சுற்றிக் கட்டப்பட்டிருந்த ஒரு பொட்டலத்தை மோப்பம் பிடித்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சிறகு விரித்த தெய்வம்! ஒரு நாட்டின் காவல்துறையால் இயலாததை ஒரு நாய் செய்து முடித்தது. அவ்வாண்டு இங்கிலாந்து வென்றபோது வெற்றி விருந்துக்குப் பிக்கிள்ஸும் அழைக்கப்பட்டது.

இக்களவுக்குப் பின் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கோப்பையைப் போன்றே ஒரு படியை மறைவாகச் செய்வித்தது. இங்குப் ‘படி’ என்பது நகல் என்னும் பொருளில் வந்தது. முலாம் பூசிய வெண்கலத்தால் ஆன அப்படியை 1997-ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில் ஃபிஃபா 2,54,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஒரு நகலுக்கு அவ்வளவு விலை ஏன்? அதுவே மூலமாக இருக்கக்கூடும் என ஓர் ஐயம் நிலவியது. ஆய்வில் அது நகலே எனத் தெரிந்தது.

மூன்றாம் வெற்றி

1970-ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த போட்டியில் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளுள் உருகுவே, இத்தாலி, பிரேசில் ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருமுறை வென்றவை. இறுதி ஆட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் சந்தித்தன. யார் வென்றாலும் கோப்பை நிலையாக அவர்களுடையது. பெலே முதல் கோலை அடிக்க, 4-1 என்னும் கணக்கில் பிரேசில் வென்றது. 1958, 1962, 1970 ஆகிய மூன்று வெற்றிகளிலும் பங்குகொண்ட பெலே, மும்முறை உலகக் கோப்பை வென்ற ஒரே வீரர் ஆவார். கோப்பை பிரேசிலுக்கே உரியதாயிற்று.

ஃபிஃபாவிடம் இப்போது கோப்பை இல்லை. புதியதை உருவாக்க அழைப்பு விடுக்கப்பட்டது. ஏழு நாடுகளின் சிற்பிகள் 53 வடிவங்களை அனுப்பினர். மிலான் நகரைச் சேர்ந்த இத்தாலியச் சிற்பி சில்வியோ கசானிகாவின் வடிவம் தேர்வு பெற்றது. முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு மனித உருவங்கள் சுழன்றெழுந்து உலக உருண்டையைத் தாங்குவதுபோல் அது அமைந்தது. பழையதிலாவது சிறு கிண்ணம் ஒன்று இருந்தது. இதில் அதுவும் இல்லை. ஆயினும் கோப்பை என்னும் பெயர் மட்டும் தொடர்கிறது.

அதன் எடை 6.175 கிலோ, உயரம் ஏறத்தாழ 37 செ.மீ. அடியில் மாலகைட் எனப்படும் பச்சைக் கல்லால் இரண்டு வளையங்கள் உள்ளன. இது 18 காரட் தங்கத்தால் ஆனது. அதாவது 24 பங்கில் 18 பங்கு, நூற்றுக்கு 75 விழுக்காடு தங்கம். இங்கே ஓர் அறிவியல் செய்தியைக் காண்போம். ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. அதே கொள்ளளவுள்ள தூய தங்கத்தின் எடை 19 கிலோவுக்கும் மேல். இக்கோப்பை உள்ளும் புறமும் முழுத் தங்கமாக இருந்திருப்பின், எந்த அணித்தலைவராலும் அதனைத் தலைக்கு மேல் உயர்த்த இயலாது. எனவே இதன் உட்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே இருத்தல் வேண்டும்.

இப்புதிய கோப்பையை முதன்முதலில் 1974-ஆம் ஆண்டு பெற்றவர் மேற்கு செருமனி அணியின் தலைவர் ஃபிரான்ஸ் பெக்கன்பவர். இம்முறை விதி மாற்றப்பட்டது. எத்தனை முறை வென்றாலும் எந்த நாடும் இதனை நிலையாகப் பெற இயலாது. வென்ற நாட்டுக்குத் தங்க முலாம் பூசிய வெண்கலப் படியே தரப்படும். செருமனி 1974, 1990, 2014 எனவும், அர்ஜென்டினா 1978, 1986, 2022 எனவும் இக்கோப்பையை மும்முறை வென்றுள்ளன. பழைய விதி நீடித்திருந்தால் செருமனி 2014-ஆம் ஆண்டே இதனைத் தன் நாட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கும்.

எஞ்சிய நீலக் கல்

விதியை ஃபிஃபா மாற்றியது நல்லதாயிற்று. பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு, தனக்கு உரிமையான ஜூல் ரிமே கோப்பையை ரியோ நகரிலுள்ள தன் தலைமை அலுவலகத்தில், குண்டு துளைக்காத கண்ணாடி பொருத்திய பேழையில் வைத்திருந்தது. கண்ணாடி முன்புறம் மட்டுமே இருந்தது; பேழையின் பின்புறம் வெறும் மரப்பலகை. 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் இரவு உள்ளே நுழைந்த திருடர்கள், அப்பலகையைக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்துக் கோப்பையைக் கவர்ந்து சென்றனர். பின்னர் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கோப்பை மட்டும் மீளவில்லை.

திருடர்கள் அதனை உருக்கித் தங்கக் கட்டிகளாக்கி விற்றனர் என்று பலரும் எழுதுகின்றனர். ஆனால் அது முலாம் பூசிய வெள்ளி என்பதை நாம் முன்பே கண்டோம். அதனை உருக்கினால் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளியே. தங்கம் மிகச் சிறிதளவே தேறும். ஆகவே தங்கக் கட்டிகளின் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. உண்மையில் என்ன நேர்ந்தது என்பதைக் கவர்ந்தவர்களே அறிவர். 1984-ஆம் ஆண்டு கோடாக் நிறுவனம் 1.8 கிலோ தங்கத்தில் ஒரு படியைச் செய்து பிரேசிலுக்கு வழங்கியது. மூலத்தை விட நகலில் தங்கம் மிகுதி!

இனி, 1954-ஆம் ஆண்டு அகற்றப்பட்ட பீடத்துக்கு வருவோம். ஃபிஃபாவின் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உள்ளது. அங்கே ஒரு கால்பந்து அருங்காட்சியகம் அமைப்பதற்காகப் பழம்பொருள்களைத் தேடியபோது, நிலவறையில் அந்த நீலக் கல் பீடம் கிடைத்தது. 2015-ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானது. மாண்டிவிடியோவிலும் ரோமிலும் பாரிசிலும் ரியோவிலும் அந்தத் தெய்வத்தைத் தாங்கி நின்ற கல் அது; போர்க்காலத்தில் காலணிப் பெட்டிக்குள் அதனுடன் இருந்த கல். அலமாரியில் வைத்துப் போற்றப்பட்ட சிலை காணாமற்போக, வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட பீடம் அறுபது ஆண்டுகள் யாருடைய கண்ணிலும் படாமல் பிழைத்திருக்கிறது. முதல் உலகக் கோப்பையில் இன்று எஞ்சியிருக்கும் பகுதியாக அது சூரிச் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.